எடையில் பொய் சொன்னால் பனி காட்டிக்கொடுத்துவிடும்

பனிச்சறுக்கு பழகப் போன ஊரின் பெயரிலேயே முதல் சறுக்கல். வரைபடத்தில் இருந்த எழுத்துகளைக் கூட்டி ‘ஸ்ஜுஸ்ஜோயன்’ என்று படித்தேன். அலுவலக நண்பர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ‘ஷூஷோயன்’ என்று திருத்தினார். நார்வே மொழியில் எஸ்ஸும் ஜேயும் ஒட்டி வந்தால் ‘ஷ’ ஆகிவிடும். பனியில் சறுக்கக் காலில் மாட்டும் பலகையை உலகமே ‘ஸ்கி’ என்று சொல்வதைக்கூட அவர்கள் ‘ஷி’ என்றுதான் சொல்கிறார்கள். பிளந்த மரத்துண்டு என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். விறகைப் பிளந்து காலில் கட்டிக்கொண்டு போவதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அன்று நினைத்தேன்.

வேலைக்காக ஓஸ்லோ வந்து மூன்று குளிர்காலங்களை முட்டி வலி என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். நாலாவது வருடம் தப்ப முடியவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியில் ஸ்கி நாள் என்று காலையில் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு மாலையில், ‘அப்பா, உனக்கு ஏன் தெரியாது?’ என்று கேட்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து நண்பர், ‘எட்டாவது வாரம் எங்கள் ஹிட்டேவுக்கு வாருங்கள்’ என்றார். இங்கே தேதி சொல்லிப் பேசுவது குறைவு, வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பதுதான் கணக்கு. எட்டாவது வாரம் பிப்ரவரியின் பின்பாதி. ஓஸ்லோ பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. ஹிட்டே என்றால் விடுமுறைக்கென்று கட்டிய மர வீடு. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் அப்படி 4 லட்சத்துக்கும் மேல் வீடுகள் இருக்கின்றன.

ஓஸ்லோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ம்யோசா ஏரியை ஒட்டியே போனால் லில்லஹாமர். 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அங்கிருந்து காரில் அரை மணி நேரம் மலை ஏறினால் ஷூஷோயன். நிலையத்தில் இறங்கியபோது மைனஸ் 17. கீழேயே இப்படி என்றால் மேலே என்ன கதி என்று என் மனைவி முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். மேலே போனால் மைனஸ் 9, கண் கூசும் வெயில். காற்றசைவு இல்லாத தெளிந்த நாட்களில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கிப் பள்ளத்தாக்கில் குளம் மாதிரி தேங்கிவிடுமாம். அதனால் ரயில் நிலைய வெப்பநிலையைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வானிலைச் செயலியில் மேலே உள்ள இடத்தின் பெயரைப் போட்டு, முதலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மைனஸ் 9 பிரச்சினையே இல்லை. மைனஸ் 4-ம் பலத்த காற்றும் சேர்ந்தால்தான் பிரச்சினை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிராமம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் நம் மனதில் இருக்கும் கிராமம் இல்லை இது. ஒரு மளிகைக் கடை, ஸ்கி கடை, சாப்பிட இரண்டு மூன்று இடங்கள், மற்றபடி கண்ணுக்கெட்டிய வரை ஹிட்டேக்கள். ஷூஷோயன் இருக்கும் ரிங்சாகர் நகராட்சியில் மட்டும் 7000-க்கு மேல் உண்டு, நாட்டிலேயே அதிகம். விடுமுறை இல்லாத வாரத்தில் ராத்திரி வந்தால் பத்து வீட்டில் ஒன்றில்கூட விளக்கு எரியாது என்றார் நண்பர். புதிதாகக் கட்டும் சிலவற்றில் சுடுநீர்த் தொட்டி, மூன்று குளியலறை எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஓஸ்லோ குடியிருப்பை அதன் வரவேற்பறைக்குள் வைத்துவிடலாம். இதற்காகச் சதுப்பு நிலத்தைத் தோண்டுகிறார்களே என்ற சண்டை நார்வே முழுக்க நடக்கிறது. எனக்கும் அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்க உவப்பாக இல்லை. வருடத்தில் சில வாரம் தங்க இத்தனை பெரிசா?

நண்பரின் வீடு அந்த ரகம் இல்லை. அவருடைய அப்பா 1960-களில் கட்டியது. மின்சாரம் உண்டு, குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கேனில் பிடித்துச் சறுக்கு வண்டியில் இழுத்துவர வேண்டும். கழிப்பறை வெளியே, தனிக் கொட்டகையில். மைனஸ் 9-இல் அங்கே எப்படி உட்காருவது என்று ரயிலிலேயே கவலைப்பட்டேன். போய்ப் பார்த்தால் இருக்கை தெர்மாகோல்! உட்கார்ந்த நொடியில் வெதுவெதுப்பு. இந்த நாட்டில் நான் பார்த்த கண்டுபிடிப்புகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

சரி, பொய் விஷயத்துக்கு வருகிறேன்.

மகளுக்கு ஸ்கி, காலணி எல்லாம் ஓஸ்லோவில் ‘பூவா’ என்ற இரவல் நிலையத்தில் இலவசமாக எடுத்துவிட்டோம். நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரிதான், ஒரு வாரம் வைத்திருக்கலாம். புதிதாக வந்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைத் தேடிப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் ஷூஷோயன் ஸ்கி கடையில் வாடகைக்கு எடுத்தோம். கடைப் பையன், ‘எடை எவ்வளவு?’ என்றான். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறது, பக்கத்தில் மனைவி நிற்கிறாள். 82 இருப்பவன் 74 என்றேன். எட்டுக் கிலோவில் என்ன வந்துவிடப்போகிறது?

அடுத்த நாள் காலை தெரிந்தது. சமதளத்தில் எல்லோரும் ஒரு எட்டு வைத்தால் மூன்று எட்டு தூரம் வழுக்கிப் போகிறார்கள். நான் எட்டு வைத்த இடத்திலேயே நிற்கிறேன். பசை தடவிய தரையில் செருப்போடு நடப்பது போல இருந்தது. என் திறமைக் குறைவு என்றே நினைத்து இரண்டு கிலோமீட்டர் மூச்சு வாங்க இழுத்தேன். மனைவி சத்தமில்லாமல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ‘ஏங்க, கம்பை ஊன்றித் தள்ளுங்க’ என்று அவ்வப்போது திரும்பி ஆலோசனை வேறு.

அன்று மாலை நண்பரின் அம்மா விசாரணையை நடத்தினார். வயது 74. நார்வேயில் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பிரதமரைக்கூட. என்னால் முடியவில்லை. மகள் முதல் நாளே ‘பெஸ்தெமோர்’, அதாவது பாட்டி, என்று கூப்பிட ஆரம்பித்ததால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பெஸ்தெமோர் என் ஸ்கி இரண்டையும் மரத் தரையில் போட்டு, ஏறி நிற்கச் சொன்னார். நடுப்பகுதிக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து இழுத்தார். அசையவில்லை. பிறகு ஒன்றுமே பேசாமல் மனைவியின் ஸ்கியைப் போட்டு அவளை நிற்கவைத்தார். தாள் முன்னும் பின்னும் சுலபமாக ஓடியது. ஒற்றைக் காலில் முழு எடையையும் போடச் சொன்னார், அப்போது மட்டும் தாள் சிக்கியது. என்னைப் பார்த்து, ‘கடையில் எவ்வளவு சொன்னாய்?’ என்றார்.

விஷயம் இதுதான். நடைக்கான ஸ்கி வில் மாதிரி நடுவில் தூக்கியிருக்கும். அந்த நடுப்பகுதியில்தான் பனியைப் பற்றும் மெழுகோ ரோமப் பட்டையோ இருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்று வழுக்கும்போது அது தரையைத் தொடக்கூடாது. ஒரு காலில் அழுத்தி உந்தும்போது மட்டும் தொட்டுப் பிடிக்க வேண்டும். அந்த வில்லின் விறைப்பு ஆளின் எடைக்கேற்ப மாறும். விறைப்பு குறைந்ததை வாங்கினால் என்னைப் போல எப்போதும் ஒட்டிக்கொண்டே போவீர்கள். எடையைக் கூட்டிச் சொன்னாலோ நடுப்பகுதி தரையைத் தொடவே தொடாது, மேட்டில் கால் பின்னுக்கு வழுக்கும். கடையில் உண்மையான எடையைச் சொல்லுங்கள். முடிந்தால் இந்தத் தாள் சோதனையை அங்கேயே செய்யச் சொல்லுங்கள். கம்பின் உயரம் அக்குளுக்கும் தோளுக்கும் இடையில் நிற்க வேண்டும். மறுநாள் போய் மாற்றியபோது கடைப் பையன் காரணம் கேட்கவில்லை. கேட்காததுதான் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று: முதல் தடவை மெழுகு தடவும் ஸ்கி வேண்டாம், ரோமப் பட்டை ஒட்டியதைக் கேளுங்கள். மெழுகு ஒரு தனி சாத்திரம். பனியின் சூட்டுக்கேற்ப நிறம் மாறும். கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குறைந்த குளிருக்கு நீலம், பூஜ்யத்தை நெருங்கினால் ஊதா, அதற்கு மேல் சிவப்பு. உருகி உறைந்த சொரசொரப்பான பனிக்குக் குழாயில் வரும் பசை ஒன்று இருக்கிறது, அது கையில் பட்டால் அன்றைய பொழுது அதோடு சரி. லில்லஹாமரைச் சேர்ந்த மெழுகு நிறுவனமான ஸ்விக்ஸின் நீல டப்பா இல்லாத ஹிட்டே இருக்காது போலிருக்கிறது. பெஸ்தெமோர் வாசலில் பனியைக் கையுறையோடு அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு டப்பாவைத் தேர்ந்தெடுப்பார். உப்பு போட்டது போதுமா என்று குழம்பின் வாசனையிலேயே சொல்லிவிடும் ஆட்களின் வகை.

உடையில் செய்த தப்பு இதைவிட மோசம். அடியில் பருத்தி பனியன், அதன் மேல் சட்டை, ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் முட்டி வரை வரும் தடித்த கோட்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தது, பெருமைப்பட்டேன். இருபது நிமிடத்தில் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. இந்த நடையில் கை, கால், வயிறு என்று உடம்பு முழுக்க வேலை செய்கிறது, மாரத்தான் ஓடுகிறவன் மாதிரி சூடாகிறது. ஏரிக்கரைத் திறந்தவெளியில் படம் எடுக்க ஐந்து நிமிடம் நின்றேன். ஈரப் பருத்தி முதுகில் ஐஸ் துணியாக ஒட்டிக்கொண்டது. பல் தந்தியடிக்கத் தொடங்கியது. பெஸ்தெமோர் தன் பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்து, மரத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மைனஸ் 9-இல் சட்டையைக் கழற்றி நின்ற அந்த அரை நிமிடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் கணக்கு: தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், அவ்வளவுதான். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒன்றைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். தடித்தது பைக்குள் இருக்கட்டும், நின்றவுடன் போட்டுக்கொள்ள. பையில் மாற்று உள்சட்டை ஒன்று, மாற்றுக் கையுறை ஒரு ஜோடி. போன் வெளிப் பையில் இருந்தால் 60 சதவீத பேட்டரி கண்முன்னே செத்துவிடும், உள்சட்டையை ஒட்டி வையுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் மரபை விடவில்லை. அவர்கள் ஆரஞ்சும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் எடுத்துவந்தார்கள். நாங்கள் ஃப்ளாஸ்கில் ரசமும், டப்பாவில் தயிர்சாதமும். தயிர்சாதம் மூன்று மணி நேரத்தில் கல். மகள் அதை ஸ்பூனால் தட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ஆனால் ரசம்! மூடியைத் திறந்ததும் மிளகும் பூண்டும் ஆவியாக எழும்ப, பெஸ்தெமோர் ஒரு வாய் குடித்து இருமி, மறு வாய் குடித்து, கப்பைத் திருப்பித் தரவில்லை. பதிலுக்கு அவர் தந்த பழுப்புச் சீஸை மகள் ‘அடிப்பிடித்த பால்கோவா’ என்றாள். தப்பில்லை. சீஸ் செய்து மிஞ்சும் தெளிந்த நீரை, சர்க்கரைச் சத்து கருகிப் பழுக்கும் வரை சுண்டக் காய்ச்சித்தான் அதைச் செய்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன், எங்களைத் தாண்டிப் போகிறவர்களில் பலர் முதுகில் கனமான பை. மார்ச்சில் நடக்கும் பீர்க்கபைனர் பந்தயத்துக்குப் பயிற்சியாம். ரேனா என்ற ஊரிலிருந்து ஷூஷோயன் வழியாக லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர். ஆளுக்கு 3.5 கிலோ சுமை கட்டாயம். அது குழந்தைக்குப் பதில். 1206-இல் உள்நாட்டுப் போரின் நடுவே, இரண்டு வயதுகூட ஆகாத இளவரசன் ஹோக்கனை எதிரிகள் கையில் சிக்காமல் இரண்டு வீரர்கள் ஸ்கியில் இந்த மலை தாண்டிக் கொண்டுபோனார்கள். காலில் பூர்ஜ மரப்பட்டையைச் சுற்றிக்கொண்ட ஏழைப் படை என்பதால் எதிரிகள் கேலியாக வைத்த பெயர்தான் பீர்க்கபைனர். குழந்தை பிழைத்து, பின்னாளில் அரசனாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்டது. பந்தயம் 1932-இல் தொடங்கியது. ‘நீங்கள் ஓடியிருக்கிறீர்களா?’ என்று பெஸ்தெமோரைக் கேட்டேன். ‘கணக்கு மறந்துவிட்டது’ என்றார்.

விழுவது பற்றியும் சொல்லவேண்டும். இறக்கத்தில் விழத்தான் செய்வீர்கள். வேகம் பயமுறுத்தினால் முன்னால் பாயாமல் பக்கவாட்டில், புட்டத்தில் விழுங்கள். எழும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது மகள்: மல்லாந்து, ஸ்கி இரண்டையும் வானத்தில் தூக்கிச் சிக்கலை எடுத்து, சரிவுக்குக் குறுக்காக இறக்கி, முட்டி போட்டு, அப்புறம் எழ வேண்டும். சரிவைப் பார்த்தபடி எழ முயன்றால் எழுந்த நொடியே கிளம்பிவிடுவீர்கள். நான் இரண்டு முறை கிளம்பினேன். விழுந்தால் முதல் வேலை தடத்தை விட்டு நகர்வது, சிரிப்பதெல்லாம் பிறகு. மேலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். ஓரத்தில் இயந்திரம் வெட்டியிருக்கும் இரட்டைக் கோடு நடைக்காரர்களுக்கு, நடுவில் இருக்கும் அகலப் பரப்பு அகட்டிச் சறுக்குபவர்களுக்கு. அந்தக் கோட்டில் காலணியோடு நடந்து குழி பண்ணினால், வழக்கமாக யாரையும் கடிந்து பேசாத நார்வேக்காரர்கூடப் பேசிவிடுவார். 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தத் தடங்களில் போகக் கட்டணம் இல்லை. தடங்களின் பராமரிப்பு ஹிட்டேக்காரர்களின் பங்களிப்பிலும் நன்கொடையிலும் பெரும்பாலும் ஓடுகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் நன்கொடை கேட்கும் பலகை இருக்கும், முடிந்ததைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாலாவது நாள் ஏழு கிலோமீட்டர் தள்ளி வாஃபிள் விற்கும் கடை ஒன்றுக்குக் கிளம்பினோம். மைனஸ் 4 தான். மரங்கள் இருக்கும் வரை சுகம். மர எல்லையைத் தாண்டியதும் காற்று எதிரே வந்து நின்றது. தரையில் கிடந்த பனி எழுந்து முட்டி உயரத்துக்குப் புகையாக ஓடியது, தடம் மூடிக்கொண்டே வந்தது, அடுத்த குறியீட்டுக் கம்பு மங்கலானது. கடை இன்னும் இரண்டு கிலோமீட்டர். எனக்குக் காலில் அப்போதுதான் தாளம் பிடித்திருந்தது, ‘போய்விடலாம்’ என்றேன். பெஸ்தெமோர் பதில் சொல்லாமல், ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் துண்டை மகளிடம் கொடுத்துவிட்டு உறையைத் திருப்பி என்னிடம் நீட்டினார். க்விக் லுன்ஷ் உறையின் உள்பக்கம் மலைக்குப் போகிறவர்களுக்கான ஒன்பது விதிகள் அச்சாகியிருக்கும். எட்டாவதைப் படிக்கச் சொன்னார்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் அவர் திரும்பி நின்றிருந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தத் தடத்தில் போகிறவர், நான் நாலு நாள் ஆள். மரங்களுக்குள் வந்த பிறகுதான் மகளின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளியைப் பார்த்தோம். மனைவி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன் மேல் வைத்து, சிவப்பு திரும்பும் வரை எடுக்கவில்லை. தேய்க்காதே, வைத்திரு என்று மட்டும் பெஸ்தெமோர் சொன்னார். குழந்தைகளோடு போகிறவர்கள் காற்றடிக்கும் நாளில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.

கடைசி ராத்திரி, அடுப்பை நான் பற்றவைக்கிறேன் என்று முன்வந்தேன். பாட்டி வீட்டு விறகடுப்பில் வளர்ந்தவனுக்கு இது ஒரு விஷயமா? கீழே சுள்ளி, மேலே கட்டை, ஊதினேன். ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்கப் புகை, அபாய மணி அலறல், எல்லோரும் கம்பளிக் காலுறையோடு வாசலில். புகைபோக்கித் தகட்டை நான் பாதிதான் திறந்திருக்கிறேன். அது போக, குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கிக்குள் கனத்த காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி முதலில் அதைக் கிளப்பிவிட வேண்டும். இங்கே அடுக்குவதும் தலைகீழ்: பெரிய கட்டை அடியில், சுள்ளி உச்சியில், தீ மேலிருந்து கீழே. கட்டையிலிருந்து எழும் வாயு தீயைத் தாண்டித்தானே போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும், புகை குறையும். சாம்பலை அள்ளினால் இரும்பு வாளியில் போட்டு வெளியே, சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மறுநாளும் உள்ளே கனல் இருக்கும்.

கிளம்பும் காலை யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு வேலை. தரை துடைப்பது, கழிப்பறைக் கொட்டகையில் பனி தள்ளுவது, அடுத்து வருகிறவர்களுக்கு அடுப்படியில் கட்டையும் சுள்ளியும் தீக்குச்சியும் எடுத்து வைப்பது. எனக்கு அடுப்படி. இம்முறை சுள்ளி உச்சியில்.

அப்புறம் ஹிட்டேப் புத்தகம். வந்தவர் யார், பனி எப்படி, எங்கே போனோம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கும் நோட்டு. 1960-களிலிருந்து அலமாரியில் வரிசையாக இருக்கிறது. மகள்தான் எழுதுவேன் என்று பிடுங்கிக்கொண்டாள். ஒரு வரி நார்வே மொழியில், ஒரு வரி தமிழில். ‘எட்டாவது வாரம். மைனஸ் 9. நீல மெழுகு. ரசம் தீர்ந்தது. அப்பா 14 தடவை விழுந்தார்.’ வண்டியில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தால் பெஸ்தெமோர் அதை வாங்கி 14-ஐ அடித்து 15 என்று திருத்திக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் நான் வழுக்கியதை அவர் பார்த்துவிட்டார்.